பிரசவ வார்டில் இல்லாத பணியிடம்
சேலம், நாமக்கல் பகுதியில் தத்தெடுப்பும் பணியாளர் தகுதியும்

கேள்வி

பத்துக் குழந்தைகள் உள்ள ஒரு சிறப்புத் தத்து நிறுவனத்துக்கு மேலாளர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர், செவிலியர் ஒருவர், பகுதிநேர மருத்துவர் ஒருவர், ஆயாக்கள் ஆறு பேர், காவலாளி ஒருவர். ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ வழிகாட்டி வகுத்துள்ள பணியாளர் பட்டியல் இது. முந்தைய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் பட்டியலும் ஏறத்தாழ இதுவேதான். பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட பச்சிளங் குழந்தை ஒன்று புதிய வீடு சேரும்வரை அதன் வாழ்வு இந்தப் பதினொரு பேரின் கையில் இருக்கிறது.

இந்தப் பதினொரு பேர் போதுமா, அவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி தமிழில் அரிதாகவே விவாதிக்கப்படுகிறது. குழந்தை விற்பனைச் செய்தி வரும்போது கொதிக்கிறோம். கைது நடந்ததும் அடங்குகிறோம். சட்டப்படி குழந்தையை ஏற்று, வளர்த்து, தத்துக்கு அனுப்பும் அமைப்பில் யார் வேலை செய்கிறார்கள், எந்தச் சூழலில் வேலை செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைச் சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது.

ஏன் இந்த வட்டாரம்

தமிழ்நாட்டில் கைவிடப்படும் குழந்தையை அரசே ஏற்கும் திட்டம் தொடங்கிய மண் இது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். நாமக்கல் அப்போது சேலத்தின் பகுதி. 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று. 2001இல் திட்டம் நாமக்கல், தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கு விரிந்தது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 942 பெண் குழந்தைகள் இருந்தனர். சேலத்தில் 851 பேர்தான். தொட்டில் எதற்காக வைக்கப்பட்டது என்பதற்கு இந்த எண்களே போதும்.

குழந்தையை ஏற்கும் அரசுத் தொட்டில் முதலில் வந்த இதே வட்டாரத்தில்தான், கால் நூற்றாண்டு கழித்து, இரண்டு குழந்தை விற்பனை வழக்குகள் மாநிலத்தையே உலுக்கின. ஒன்று 2019இல் இராசிபுரத்தில். மற்றொன்று 2023இல் திருச்செங்கோட்டில். இரண்டும் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

விற்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் இங்கே நெருங்கி நிற்கின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் தறியோடு கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம். லாரி, ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி, கோழிப் பண்ணை எனப் பணம் புழங்கும் வீடுகளில் பிள்ளையில்லாக் குறையைத் தாங்க முடியாத தம்பதிகள் மறுபக்கம். பிள்ளையில்லாத பெண்ணை நல்ல காரியங்களில் ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் இங்கே எத்தனை ஆழமானது என்பதற்குத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவே யாரோ ஒருவர் நின்றே தீர்வார். அவர் சட்டத்தின் ஆளா, தரகரா என்பதே பிரச்சினை.

நிலவும் மூன்று கருத்துகள்

பணியாளர் தகுதி பற்றி நம்மிடையே மூன்று கருத்துகள் உலவுகின்றன.

முதலாவது, சேவை மனம் போதும் என்பது. அறக்கட்டளைகளும் சமய அமைப்புகளும் நடத்திய அநாதை இல்ல மரபிலிருந்து வந்தது இது. அந்த மரபு பல்லாயிரம் பிள்ளைகளைக் காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் பிறந்து பத்து நாளான குழந்தைக்கு மஞ்சள் காமாலை ஏறுகிறதா என்று கண்டறிய அன்பு மட்டும் போதாது. ஒப்படைக்க வந்த தாய் தன் விருப்பத்தோடு வந்தாளா, மாமியாரின் மிரட்டலில் வந்தாளா என்று பிரித்தறியவும் அது போதாது.

இரண்டாவது கருத்து, படித்தவர்களை அமர்த்தினால் எல்லாம் சரியாகும் என்பது. நாமக்கல் வழக்குகள் இதை மறுக்கின்றன. அவற்றில் கைதானவர்களில் மருத்துவத் துறையின் பயிற்சியும் பட்டமும் பெற்றவர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது புதியது. கணினிவழி முறை வந்துவிட்டது, இனி ஆட்களைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வின் ‘கேரிங்ஸ்’ தளத்தில் பெற்றோர் பதிவு செய்கிறார்கள்; முன்னுரிமை வரிசைப்படி குழந்தையின் விவரம் வருகிறது; நிறுவனம் தனக்கு வேண்டியவருக்குக் கொடுக்க வழியில்லை. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் தளத்தில் ஏறிய குழந்தையை மட்டுமே தளம் காக்கும். ஏறாத குழந்தையை அது அறியாது. இரு வழக்குகளும் தளம் நடைமுறைக்கு வந்தபின் வெளிவந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்று கருத்துகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும் அவை எல்லாமே குழந்தை நிறுவனத்தின் வாசலுக்கு வந்த பிறகு நடப்பதையே பேசுகின்றன. அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றி மூன்றுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டியலுக்குள் ஒரு கணக்கு

முதலில் வாசலுக்கு உள்ளே பார்ப்போம். ஆறு ஆயாக்கள் என்றால் கேட்க நிறைவாக இருக்கிறது. எட்டு மணி நேர முறை வைத்தால் ஒரு நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு 21 முறை. ஒருவர் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தால் ஆறு பேருக்கு 36 முறை கிடைக்கும். ஒவ்வொரு முறையிலும் இரண்டு பேர் இருக்க 42 வேண்டும். அதாவது யாருமே விடுப்பு எடுக்காத வாரத்திலும் ஆறு முறைகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரே ஓர் ஆயாதான் இருப்பார். அது பெரும்பாலும் இரவாகவே இருக்கும். இரண்டு, மூன்று மணிக்கொரு முறை பாலூட்ட வேண்டிய குழந்தைகள் அவை. ஒன்றுக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துக் கிடத்துவதற்குள் அடுத்தது அழும்.

பன்னிரண்டு மணி நேர முறைக்கு மாறினால் கணக்கு நேராகிவிடும். அப்போது ஓர் ஆயா வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்க வேண்டும். வழிகாட்டி அவருக்கு நிர்ணயித்த மாதத் தொகை 7,944 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 33 ரூபாய்.

செவிலியர் ஒருவர்தான் என்பதால் வாரத்தின் 21 முறைகளில் 15 முறை செவிலியர் இல்லாமலே கழியும். எடை குறைந்து பிறந்த குழந்தைகளும், பிறந்தவுடன் தாய்ப்பாலும் அரவணைப்பும் இழந்த குழந்தைகளும் வந்து சேரும் இடத்தில் இது சின்னக் குறை இல்லை. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கினால், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, விடியட்டும் என்று பார்ப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டியவர் அந்த ஆயாதான். நிறுவனத்தின் மிகப் பெரிய மருத்துவ முடிவு, மிகக் குறைந்த ஊதியமும் மிகக் குறைந்த பயிற்சியும் பெற்றவரிடம் விடப்பட்டிருக்கிறது. ஆயாவின் தகுதி என்ற பேச்சை இங்கிருந்து தொடங்குவதே நியாயம். குழந்தையின் அபாய அறிகுறிகளை அறியும் முறையான பயிற்சி, அதற்கேற்ற ஊதியம், ஒரு முறைக்கு இரண்டு பேர் என்ற தளராத விதி ஆகிய மூன்றும் குறைந்தபட்சத் தேவைகள்.

ஓர் ஆள், இரண்டு வேலை

பட்டியலில் ‘சமூகப் பணியாளர்’ என்று நான் சுருக்கிச் சொன்ன பணியிடத்தின் முழுப் பெயர் ‘சமூகப் பணியாளர் மற்றும் முன்பருவக் கல்வியாளர்’. குழந்தைகளுக்கு விளையாட்டும் பேச்சும் கற்பிப்பவரும் அவரே. தத்தெடுப்பின் ஆவணங்கள் அத்தனையையும் தாங்குபவரும் அவரே.

இந்த ஆவணங்களின் கனம் வெளியே தெரிவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். மருத்துவ அறிக்கையோடு சேர்த்துத் தளத்தில் ஏற்ற வேண்டும். தத்தெடுக்க விரும்பும் தம்பதியின் வீட்டுக்குப் போய் வருமானம், உடல்நிலை, உறவுகள், மனநிலை ஆகியவற்றை அறிந்து வீட்டாய்வு அறிக்கை தயாரிக்க வேண்டும். அந்த அறிக்கை மூன்று ஆண்டுகள் செல்லும். காத்திருப்புக் காலம் இன்று மூன்று ஆண்டுகளைத் தொட்டும் தாண்டியும் நிற்பதால், பலருக்கு அதைப் புதுப்பிக்கவும் வேண்டியிருக்கிறது. குழந்தை வீடு சேர்ந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகளுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஆண்டுக்கு 20 குடும்பங்களில் குழந்தை சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், எந்த நேரத்திலும் 40 குடும்பங்கள் கண்காணிப்பில் இருக்கும். அதற்கு மட்டும் ஆண்டுக்கு 80 பயணங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள் இதில் ஒரு பங்கை ஏற்கலாம். ஆனால் அங்கும் இதே ஆள் பற்றாக்குறைதான்.

2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். வேகம் வேண்டும் என்பதே இந்த மாற்றத்தின் நோக்கம். ஆட்சியர் குழந்தையை அறியமாட்டார். தம்பதியின் வீட்டுக்கும் போயிருக்கமாட்டார். அவர் முன் இருப்பது சமூகப் பணியாளரின் எழுத்து. ஆணை எவ்வளவு விரைவாக வருகிறதோ அவ்வளவுக்கு அந்த எழுத்தின் பொறுப்பும் கூடுகிறது.

இங்கே சட்டத்தின் ஒரு முரணைச் சுட்ட வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 27ஆம் பிரிவு, இத்தகைய குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் தலைவருக்கும் நான்கு உறுப்பினர்களுக்கும் என்ன படிப்பு வேண்டும், எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதைச் சட்ட வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. ஏழு ஆண்டு ஈடுபாடோ தொழில்முறைப் பணியோ அங்கே நிபந்தனை. ஆனால் அந்தக் குழு நம்பி முடிவெடுக்கும் அறிக்கைகளை எழுதும் நிறுவனத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அது ஒரு நிதித் திட்டத்தின் வழிகாட்டியில் கிடக்கிறது. திட்டம் பெயர் மாறும்போது பட்டியலும் மாறலாம். அந்தப் பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியத்துக்கு நிரப்பப்படுபவை. இரண்டு ஆண்டுக் கண்காணிப்பை ஒரே ஆள் முடிக்கும்வரை அவரை வேலையில் நிறுத்திவைக்க முறையில் எந்த ஏற்பாடும் இல்லை.

இங்கிலாந்தில் 2005இல் வந்த விதிகள், தத்தெடுப்பு அறிக்கைகளை யார் எழுதலாம் என்பதையே வரையறுத்தன. தகுதி பெற்றபின் குழந்தைநலப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் அதில் தத்தெடுப்புப் பணியில் நேரடிப் பழக்கமும் வேண்டும். இல்லையேல் அத்தகைய ஒருவரின் மேற்பார்வையில்தான் எழுத வேண்டும். நம்மிடம் 1984லேயே லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி, வெளிநாட்டுத் தத்தெடுப்பில் வீட்டாய்வு அறிக்கை கட்டாயம் என்றார். அறிக்கை வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அதை எழுதுபவருக்கு நேரமும் நிலைத்த பணியும் வேண்டும் என்பதற்கு இன்னும் வரவில்லை.

தரகரின் பணியாளர் அமைப்பு

2019 ஏப்ரலில் இராசிபுரத்தைச் சேர்ந்த, அரசு மருத்துவமனையில் செவிலிய உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற பெண் ஒருவர், குழந்தைக்கு விலை பேசும் தொலைபேசி உரையாடல் பரவியது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம். முப்பது ஆண்டுகளாக இதைச் செய்வதாக அந்தக் குரல் சொன்னது. கைதானவர்களில் கொல்லிமலையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் செவிலியரும் இருந்தனர். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது, கொல்லிமலையில் வழங்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள் ஆய்வு செய்யப்பட்டன. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில், பிறந்த பெண் குழந்தையை விலை பேசியதாகத் தந்தை கொடுத்த புகாரின் பேரில் ஒரு பெண் தரகரும், அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவர் ஒருவரும் கைது செய்யப்பட்டனர்.

இவை குற்றச்சாட்டுகள், தனிமனிதர்களின் குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கே கவனிக்க வேண்டியது அமைப்பு. யாருக்கு வேண்டாத கர்ப்பம், யாருக்கு மூன்றாவதும் பெண், யார் வீட்டில் கடன் என்று அறியும் ஆள் பிரசவ வார்டில். குழந்தையைக் கொண்டுசேர்க்கும் ஆள் வண்டியில். தாளைச் சரிசெய்யும் ஆள் பதிவேட்டின் அருகில். காத்திருக்கும் தம்பதியை அறிந்த ஆள் ஊரில். தேவையான இடங்கள் அனைத்திலும் தரகருக்கு ஆள் இருந்திருக்கிறது.

சட்டத்தின் பட்டியலை இதோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். பதினொரு பேரும் நிறுவனத்தின் சுவர்களுக்குள். தாய் முடிவெடுக்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. குழந்தையைக் கைவிடுவதா, விற்பதா, ஒப்படைப்பதா, எப்பாடுபட்டாவது வளர்ப்பதா என்ற தவிப்பு இன்று பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக் கட்டிலில்தான் நடக்கிறது. அந்தக் கட்டிலருகே வந்து பேசும் முதல் ஆள் தரகராக இருந்தால், காராவின் தளம் எத்தனை நேர்த்தியாக இருந்து என்ன பயன்?

சட்டம் அந்தத் தாய்க்குக் கொடுத்திருப்பது கொஞ்சமில்லை. 35ஆம் பிரிவின்படி அவள் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம், ஆற்றுப்படுத்தல் பெறலாம், மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். விற்றவளுக்கு அந்த இரண்டு மாதம் கிடையாது. 81ஆம் பிரிவின்படி குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலுக்கு உரிய குற்றம். மருத்துவமனைப் பணியாளர் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு. தண்டனை தெளிவாக இருக்கிறது. உரிமையை எடுத்துச் சொல்லும் ஆள்தான் இல்லை.

தொட்டில் கேட்காத கேள்விகள்

தொட்டில் திட்டத்தையும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும். பெண் குழந்தையை விட்டுவிடுவதை அரசே ஒப்புக்கொள்வதாகிறது என்று பெண்ணுரிமை இயக்கங்கள் அதை விமர்சித்தன. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1992இன் சேலத்தில் மாற்று வழி கள்ளிப்பாலாக இருந்தபோது, கேள்வி கேட்காத தொட்டில் உயிர் காத்தது என்பதை மறுக்க என்னால் இயலாது.

இன்று அந்த மௌனத்தின் விலை வேறு. தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்குத் தாயின் பெயர் இல்லை, குடும்ப நோய் வரலாறு இல்லை, பிறந்த நாள்கூட உத்தேசம்தான். வளர்ந்தபின் தன் வேரைத் தேடும் உரிமையைத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் தருகின்றன; தேட ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்காது. தாயைப் பார்த்து, உன்னால் வளர்க்க முடியாததற்குப் பணம்தான் காரணமா, உதவி கிடைத்தால் வைத்துக்கொள்வாயா என்று கேட்கவும் வாய்ப்பில்லை. கேள்வி கேட்காத ஏற்பாட்டிலிருந்து, கனிவோடு கேள்வி கேட்கத் தெரிந்த ஆளுக்கு நாம் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

எது தகுதி

இந்தியா 2003இல் ஏற்புறுதி செய்த ஹேக் உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பு, தத்தெடுப்பு அமைப்புகளின் பணியாளர்கள் அறநெறியாலும், பயிற்சி அல்லது அனுபவத்தாலும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அது வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு எழுதப்பட்டது, உள்ளூருக்கும் பொருந்தும். ஆனால் அறநெறியை நேர்காணலில் கண்டுபிடிக்க முடியாது. அதை வேலையின் அமைப்புதான் காக்கும்: தாயிடம் பேசுபவர், குழந்தையை ஏற்பவர், பெற்றோரை மதிப்பிடுபவர், பதிவு செய்பவர் ஆகியோர் வெவ்வேறு ஆட்களாக இருப்பது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது, மாதக் கடைசியில் கைநீட்டத் தேவையில்லாத ஊதியம். இராசிபுரத்துக் குரல் முப்பது ஆண்டு என்று சொன்னது உண்மையானால், முப்பது ஆண்டுகளாக அந்த வார்டுகளில் குறுக்கே நிற்க ஓர் ஆள் இருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

நாடு முழுவதும் 2024–25இல் காரா வழி நடந்த தத்தெடுப்புகள் 4,515. பதிவு செய்து காத்திருப்போர் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்த இடைவெளியைப் பணியாளர்களால் முழுதாக அடைக்க முடியாது. அடைக்கவும் கூடாது, தத்துக்குக் குழந்தைகளைப் பெருக்குவது எந்த நல்ல அமைப்பின் நோக்கமும் இல்லை. வளர்க்க இயன்ற தாயிடம் குழந்தை தங்குவதும், இயலாதவளின் குழந்தை சட்ட வழியில் வருவதுமே நோக்கம்.

ஆகவே தமிழ்நாடு அரசின் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்தே தொடங்கலாம். வட்ட அளவிலான ஒவ்வோர் அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவிலும், கொல்லிமலையிலும், சமூகப் பணியில் பட்டம் பெற்ற ஒருவரை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். அவர் மருத்துவமனைக்கோ தத்து நிறுவனத்துக்கோ கட்டுப்படாமல் குழந்தைகள் நலக் குழுவுக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். தத்து நிறுவனங்களில் சமூகப் பணியாளரையும் முன்பருவக் கல்வியாளரையும் இரண்டு பணியிடங்களாகப் பிரிக்க வேண்டும். ஆயாக்களின் எண்ணிக்கையை, விடுப்பையும் சேர்த்த முறைக் கணக்கின்படி, எட்டாகவாவது உயர்த்த வேண்டும். இவற்றைத் திட்ட வழிகாட்டியில் விடாமல் மாநில விதிகளில் எழுத வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; விதித் திருத்த அரசாணையும் நிதி ஒதுக்கீடும் போதும்.